துக்க வீட்டில் சபையின் பாட்டு

 

தியானத்துக்கு: 2 நாளாகமம் 35:20-25, சங்கீதம் 88, நீதிமொழிகள் 25:20, மாற்கு 2:1-12. இந்தப் பகுதிகளை முதலில் வேதாகமத்தில் திறந்து வாசித்துவிட்டு, பிறகு இந்தப் பாடத்துக்கு வாருங்கள்.

திருவானைக்கோவிலில் ஒரு வீட்டில் வாலிப மகன் விபத்தில் மரித்துப்போனான். அடக்க ஆராதனைக்கு நம் சபையார் போயிருந்தோம். பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் அந்தப் பையனின் சித்தப்பா என்னைத் தனியாக அழைத்து, "என்ன பாஸ்டர், பாட்டு பாடினா போன உசிரு வந்துடுமா? வீடே அழுதுக்கிட்டு கிடக்குது, உங்களுக்கு எப்படித்தான் பாட வருது?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டதல்ல, வேதனையில் கேட்டது. அப்படிப்பட்ட கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்லக்கூடாது என்று சும்மா இருந்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. சபையாய் நாம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். யுத்தத்திலும் சாவிலும் தேவனுடைய ஜனங்கள் ஏன் கூடிப் பாடினார்கள்? அந்தப் பாட்டு யாருக்காக?

1. வேதத்தில் ஒரு துக்கப் பாடகர் குழு

நமக்கு யோசபாத் ராஜாவின் பாடகர்களைத் தெரியும் (2 நாளாகமம் 20). சேனைக்கு முன்னால் பாடகர் போனார்கள், ஜெயம் வந்தது என்று எத்தனையோ கன்வென்ஷன்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே புத்தகத்தில் 35-ம் அதிகாரத்தில் இன்னொரு பாடகர் கூட்டம் உண்டு. அதைப் பற்றி யாரும் அவ்வளவாய்ப் பிரசங்கிப்பதில்லை.

யோசியா நல்ல ராஜா. தேவாலயத்தைப் பழுதுபார்த்தவன், பஸ்காவை மறுபடியும் ஆசரிக்கச் செய்தவன். அவன் எகிப்தின் ராஜாவோடு மெகிதோவில் யுத்தம்பண்ணப் போய், வில்வீரரின் அம்பு பட்டு, எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டு மரித்தான். 8 வயதில் ராஜாவாகி 31 வருஷம் ஆண்டவன். அப்படியானால் சாகும்போது வயது 39. தேசமே அழுதது. அப்போது எரேமியா அவனுக்காகப் புலம்பல் பாடினான். பாடகரும் பாடகிகளும் அதைப் பாடி வந்தார்கள். அது இஸ்ரவேலில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது என்று 25-ம் வசனத்தில் பார்க்கிறோம்.

கவனியுங்கள். இந்த யுத்தத்தில் ஜெயம் கிடைக்கவில்லை. தோல்வி. ராஜா செத்துப்போனான். ஆனாலும் பாடகர் வேலை நின்றுபோகவில்லை. ஜெயித்த நாளுக்கு ஒரு பாட்டு இருந்ததுபோலத் தோற்ற நாளுக்கும் ஒரு பாட்டு இருந்தது. அதைத் தனி ஆள் அறைக்குள் பாடவில்லை, கூட்டமாகப் பாடினார்கள்.

அடுத்ததாக 88-ம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்ற சங்கீதங்கள் அழுகையில் ஆரம்பித்தாலும் எங்கேயாவது ஒரு திருப்பத்தில் துதிக்கு வந்துவிடும். இது வருவதில்லை. நண்பர்கள் எல்லாரும் விலகிப்போன தனிமையில் அப்படியே முடிந்துவிடுகிறது. ஒரு அல்லேலூயா கூடக் கிடையாது! ஆனால் தலைப்பை வாசியுங்கள். இது கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத்தலைவனிடத்தில் ஒப்புவிக்கப்பட்டது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? பாடகர் குழு இதைப் பயிற்சி செய்து, ஆலயத்தில் சபையாகப் பாடவேண்டும் என்று அர்த்தம். ஒரு மனுஷனின் இருண்ட ராத்திரியை முழுச் சபையும் தன் வாயில் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது ஒரு எச்சரிப்பு. மனம் நொந்திருக்கிறவனுக்கு முன்னால் சந்தோஷப் பாட்டு பாடுவது, குளிரில் நடுங்குகிறவனின் போர்வையை உருவுவதற்குச் சமம் என்ற கருத்தில் சாலொமோன் பேசுகிறான் (நீதிமொழிகள் 25:20). ஆகவே எந்தப் பாட்டும் எந்த நேரத்துக்கும் பொருந்தும் என்று வேதம் சொல்லவில்லை. அந்தச் சித்தப்பாவின் கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. தப்பான பாட்டு காயத்தின்மேல் காடி ஊற்றும். சரியான பாட்டு வேறு வேலை செய்யும்.

2. நம் ஊர் மண்ணின் சாட்சி

தேவபிள்ளையே, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் யுத்தம் புதிதல்ல. 1323-ல் டில்லி சேனை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, கோயிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தார்கள். 1371-ல்தான் திரும்பி வரமுடிந்தது. அவர்கள் விசுவாசம் வேறு, நம் விசுவாசம் வேறு. ஆனாலும் ஊரைவிட்டு ஓடுகிறவனின் வலி ஒன்றுதான். பிறகு 1750-களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டு திருச்சிக் கோட்டைக்காகச் சண்டை போட்டார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை பாளயம் இறங்கியது. 1752-ல் அங்கேயே சரணடைந்தது.

இப்படிப்பட்ட ஊருக்கு 1762-ல் தரங்கம்பாடியிலிருந்து வந்தவர்தான் சுவார்ட்ஸ் ஐயர். கோட்டையில் வெடிமருந்து வெடித்துச் செத்தவர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளிக்கூடம் வைத்தார். 1764-ல் மதுரை முற்றுகையின்போது காயம்பட்ட சிப்பாய்களோடு இருந்து ஊழியம் செய்தார். 1766-ல் பிரதிஷ்டையான கிறிஸ்து ஆலயம் இன்றும் தெப்பக்குளத்துப் பக்கம் நிற்கிறது. பிறகு தஞ்சாவூருக்குப் போனார். ஹைதர் அலியின் யுத்தத்தில் தஞ்சாவூர்ச் சீமை பஞ்சத்தில் விழுந்தபோது, அரிசி வாங்கி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினவர் அவர்.

அவர் 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் காலமானார். மறுநாள் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். சரீரத்தை ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போகும்போது ஞானப்பாட்டு பாடிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஆனால் தோட்டம் முழுக்க ஏழை ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்று ஓவென்று அழுதார்கள். பாட்டு பாட முடியவில்லை! அவர் பிள்ளைபோல வளர்த்த சரபோஜி வந்து கண்ணீர்விட்டு, பெட்டியின்மேல் சரிகைத் துணி போர்த்தினார். பிறகு ஆலயத்துக்குள் அடக்க ஆராதனை முடிந்ததும், தமிழ் விசுவாசிகள் தாங்களாகவே பாட ஆரம்பித்தார்கள் என்று அவருடைய உடன் ஊழியர் கெரிக்கே ஐயர் எழுதிவைத்திருக்கிறார்.

இதில் நமக்கு ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதலில் அழுகை. அழுகையை யாரும் அதட்டவில்லை, பாட்டைப் போட்டு அமுக்கவில்லை. அழுகை தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. பாட்டு காத்திருந்தது. பிறகு சபை பாடியது. யோசபாத்தின் நாளிலும் இதுதான் நடந்தது. பாடகரை நிறுத்தினது 21-ம் வசனத்தில். அதற்கு முன்னால் 3-ம் வசனத்தில் ராஜாவே பயந்தான்; 12-ம் வசனத்தில் எங்களுக்குப் பெலன் இல்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்ற விதமாய்த் தேவனிடம் ஒத்துக்கொண்டான். கண்ணீரைத் தாண்டிக் குதித்து வந்த பாட்டல்ல அது. கண்ணீருக்குள்ளே நடந்து வந்த பாட்டு.

3. யுத்தத் தழும்புள்ள பாட்டுகள்

பழைய பாமாலைப் பாட்டு என்றாலே நம் வாலிபருக்குக் கொட்டாவி வருகிறது. "அது சர்ச்காரங்க பாட்டு அண்ணே, ரொம்ப இழுவை" என்று ஒரு தம்பி சொன்னார். தம்பி, அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

பெரிய வெள்ளி ஆராதனைகளில் பாடப்படுகிற 'இரத்தம் காயம் குத்தும்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் இருந்த பழைய பாட்டைப் பின்பற்றி அதை ஜெர்மன் மொழியில் எழுதியவர் பால் கெர்ஹார்ட் என்ற போதகர். 1607-ல் பிறந்தவர். அவருக்கு 11 வயதாகும்போது, 1618-ல், ஜெர்மனியில் யுத்தம் ஆரம்பித்தது. முடியும்போது 1648. அதாவது அவருடைய வாலிபம் முழுவதும் யுத்தம். 1637-ல் சுவீடன் சேனை அவருடைய சொந்த ஊரைக் கொளுத்தியது. பிறகு கல்யாணமாகி ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரே ஒரு பிள்ளைதான் தகப்பனுக்குப் பின்னால் உயிரோடிருந்தது. மனைவியையும் 1668-ல் அடக்கம்பண்ணினார். கல்லறைகளுக்கு நடுவில் ஊழியம் செய்த மனுஷன் எழுதிய பாட்டு அது. பிற்பாடு பாக் என்ற பெரிய சங்கீத வித்வான் மத்தேயு எழுதின பாடுகளின் சரித்திரத்தை இசையாக்கினபோது, இந்த மெட்டையே திரும்பத் திரும்பச் சேர்த்தார்.

இப்படிப்பட்ட ஜெர்மன் பாட்டுகள் தமிழுக்கு வந்த வழியும் யுத்த வழிதான். அவைகளைத் தமிழாக்கினவர்களில் முக்கியமானவர் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரிசியஸ் ஐயர். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர் தம் சபையோடு பழவேற்காட்டுக்கு ஓடவேண்டியதாயிற்று. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துக் கொள்ளையிட்டார்கள். அந்தக் கொள்ளையில் ஒரு அச்சு இயந்திரமும் வந்தது. அது வேப்பேரியில் அவரிடம் கொடுக்கப்பட்டது. யுத்தக் கொள்ளைப்பொருளிலே வேதமும் ஞானப்பாட்டும் அச்சாகித் தமிழ் ஜனங்கள் கைக்கு வந்தன! பட்டயத்தை மண்வெட்டியாக அடிக்கும் தேவன் (ஏசாயா 2:4) நம் நாட்டிலும் அதைச் செய்து காட்டினார்.

நம் திருச்சிக்கே சொந்தமான இன்னொரு சாட்சியும் உண்டு. 'தூய, தூய, தூயா' என்று தமிழில் பாடுகிற பாட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் பிஷப் ரெஜினால்ட் ஹீபர். 1826 மார்ச் 26 ஈஸ்டர் பண்டிகையன்று தஞ்சாவூரில் தமிழ்ச் சபையோடு ஆராதித்து, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். ஏப்ரல் 1-ல் திருச்சிக்கு வந்தார். 3-ம் தேதி காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ் விசுவாசிகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு, குளிக்கப் போன தண்ணீர்த் தொட்டியிலேயே மரித்துக் கிடந்தார். வயது 42. கண்டோன்மென்ட் பகுதியிலுள்ள தூய யோவான் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறபோதெல்லாம் நாம் அதைக் கடந்துதான் போகிறோம். அவருடைய மனைவி சின்னப் பிள்ளைகளோடு விதவையானாள். ஆனாலும் அந்த அம்மா கணவன் எழுதிவைத்திருந்த பாட்டுகளைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. 1827-ல் புத்தகமாக வெளியே கொண்டுவந்தாள். அவள் கைக்கு எட்டின ஆறுதல் இன்று உலகம் முழுவதும் சபைகளின் வாயில் இருக்கிறது.

4. பாட முடியாதவர்களுக்காகப் பாடுகிறவர்கள்

பழைய சரித்திரம் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு, நம் காலத்துக்கு வருவோம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கை யுத்தத்தில் தப்பி வந்த நம் தமிழ் ஜனங்கள் அங்கே வருஷக்கணக்காய் இருக்கிறார்கள். 2021-ல் அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. பெயர் மாறினாலும் நெஞ்சிலிருப்பது அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

அந்த ஜனங்களில் ஒரு வயதான தாயார் நம் ஜெபக்கூட்டத்துக்கு வருவார்கள். 2006-ல் படகில் வந்தவர்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடைசி யுத்தம் நடந்தபோது தம்பியின் குடும்பம் அங்கே இருந்தது. அன்று முதல் ஒரு சேதியும் இல்லை. பாட்டு நேரத்தில் எல்லாரும் கைதட்டும்போது அம்மா மடியில் கை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு சகோதரி, "அம்மா, வாயைத் திறந்து பாடுங்க, சாத்தான் ஓடிப்போவான்" என்று உற்சாகப்படுத்தினார்கள். அம்மா அமைதியாய், "எனக்குப் பாட வருகுதில்லை பிள்ளை. நீங்கள் பாடுங்கோ. நீங்கள் பாடேக்க நான் தனிய இல்லை எண்டு தெரியுது" என்றார்கள்.

தேவஜனமே, நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தவன். ஆராதனையைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் சபைப் பாட்டு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மாற்கு 2-ம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். அவனால் நடக்க முடியாது. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் பார்த்தார். துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டவனும் ஒருவகையில் திமிர்வாதக்காரன்தான். அவனால் துதிக்க முடியாது, ஜெபிக்கக்கூட வார்த்தை வராது. அந்த நேரத்தில் சபையின் பாட்டு அவனுடைய படுக்கையின் நாலு முனையையும் பிடித்துத் தூக்குகிறது. இன்றைக்கு அவன் படுத்திருக்கிறான், நாம் சுமக்கிறோம். நாளைக்கு நாம் படுப்போம், அவன் சுமப்பான்.

கூட்டமாய்ப் பாடுவதில் சாதாரண மனுஷர் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நன்மையும் இருக்கிறது. தனியாய்ப் பாடுகிறவனுக்கு மூச்சு முட்டினால் பாட்டு நின்றுபோகும். பத்துப் பேர் பாடும்போது ஒருவர் மூச்சு வாங்கலாம், ஒருவர் விம்மலாம், ஒருவர் கண்ணைத் துடைக்கலாம், பாட்டு நிற்காது. விட்டவர் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்வார். விசுவாசமும் அப்படித்தான். நீ கொஞ்ச காலம் விட்டுவிட்டாலும், சபை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தால், நீ திரும்பி வந்து சேர்ந்துகொள்ள ஒரு இடம் இருக்கும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையை நாம் மறக்கமுடியாது. அன்று இலங்கையில் மூன்று ஆலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. மட்டக்களப்பில் நம்மைப்போலவே தமிழில் ஆராதிக்கிற சீயோன் சபையில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பலர் மாண்டார்கள். ஆனாலும் அந்தச் சபை கலைந்துபோகவில்லை, கூடி ஆராதிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தப் பாட்டைப் பாடுவாள்? அவள் பாடவேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடட்டும். அவள் சபைக்குள் உட்கார்ந்திருந்தால் போதும்.

இப்போது அந்தச் சித்தப்பாவுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "ஐயா, பாட்டு பாடினா உசிரு வராது. உயிர்த்தெழுதல் ஆண்டவர் கையில் இருக்கு, அவர் வருகையில் அது நடக்கும். அதுவரைக்கும் உங்க வீட்டை நாங்க சுமந்துக்கிட்டு நிக்கணும். அதுக்காகத்தான் பாடுறோம்."

5. நாம் செய்யவேண்டியது

பிரியமானவர்களே, நம் பெந்தெகொஸ்தே சபைகளில் துதிக்குக் குறைவில்லை. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அழுகிறவனுக்கு நம்மிடம் பாட்டு இருக்கிறதா? நம் கைதட்டலில் சேர முடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, பிறகு வராமலே நின்றுபோன விதவைகளும் தகப்பன்மாரும் எத்தனைபேர்? அவர்கள் பின்வாங்கிப்போனார்கள் என்று பேசுவதற்கு முன்னால், அவர்களுக்கு உட்கார இடம் வைத்தோமா என்று கேட்போம்.

(அ) துக்க வீட்டுக்குப் போனால் முதலில் பேசாமல் உட்காருங்கள். யோபின் சிநேகிதர் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஏழு நாள் மௌனம்தான் (யோபு 2:13). வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

(ஆ) அங்கே மைக், ஸ்பீக்கர், கீபோர்டு, டிரம்ஸ் ஒன்றும் வேண்டாம். மெதுவாய், தாழ்ந்த குரலில், எல்லாரும் ஒரே சுருதியில் பாடுங்கள். வீட்டாருக்குத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும்.

(இ) பாடாதவர்களைப் பாடச் சொல்லி, கையை உயர்த்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதிருங்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் ஆராதனைதான்.

(ஈ) மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது 42, 88, 130 போன்ற துக்கத்தின் சங்கீதம் ஒன்றை ஆராதனையில் சபையாக வாசிப்போம். நல்ல நாளில் கற்றுக்கொண்டால்தான் கெட்ட நாளில் வாயில் வரும்.

(உ) ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய ஞானப்பாட்டு இரண்டையாவது மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுப்போம். கரண்ட் போனாலும், போன் தொலைந்தாலும், ஊரைவிட்டே ஓடினாலும் மனதிலிருக்கிற பாட்டு கூடவே வரும்.

(ஊ) அடக்கம் முடிந்ததோடு நிறுத்திவிடாமல், மூன்று மாதம் கழித்து மறுபடியும் போங்கள். உறவினர் எல்லாரும் கிளம்பிப்போய் வீடு வெறிச்சோடிக் கிடக்கிற நாள் அது. நாலுபேர் போய் ஒரு பாட்டு பாடிவிட்டு வாருங்கள். நாலுபேர் போதும், படுக்கைக்கு நாலு முனைதான்.

நம் ஆண்டவரே சிலுவைக்குப் போகிற ராத்திரியில் சீஷரோடு கூடிப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் புறப்பட்டார் (மத்தேயு 26:30). தமக்கு வரப்போகிறது என்னவென்று அவருக்குத் தெரியும். கூடப் பாடின பதினொருவரும் ஓடிப்போவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் அவர்களோடு சேர்ந்து பாடினார். அவருடைய சபையாகிய நாம் பாடாமல் இருக்கலாமா?

ஜெபிப்போம்: எங்கள் பரம தகப்பனே, பாட முடியாமல் இருக்கிற ஒவ்வொருவரையும் இப்போது உமது சமுகத்தில் நினைக்கிறோம். யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்களையும், சேதி வராத வீடுகளையும், முகாம்களில் காத்திருக்கிறவர்களையும் நினைத்தருளும். அவர்களுக்காகப் பாடும் கிருபையை எங்கள் சபைக்குத் தாரும். எங்கள் நாவும் அடைத்துப்போகிற நாளில், எங்களுக்காகப் பாட ஒரு சபையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களைத் தேற்றி, மற்றவர்களைத் தேற்றும்படி உங்களை எடுத்து உபயோகிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்